வருத்தத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது?

டீச்சரம்மா பதில்கள்

லெந்து நாட்கள், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், வந்துவிட்டால் எனக்கு வரும் தபாலின் கனம் கூடிவிடும். நாற்பது நாளும் கறிமீன் சாப்பிடாமல் இருக்கிறோமோ இல்லையோ, பழையதைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். இந்த மாதக் கடிதங்களில் நாலை மட்டும் எடுத்திருக்கிறேன். அடையாளம் தெரியாதபடி ஊர், தொழில் எல்லாம் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ஒருவர் 11 பக்கம் எழுதியிருந்தார். சுருக்கியதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: டீச்சரம்மா, எனக்கு 58 வயது. மஸ்கட்டில் 22 வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். 2009-ல் அம்மா படுக்கையில் விழுந்தபோது தங்கச்சி தினமும் போன் செய்வாள். கம்பெனியில் லீவு தர மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் நான் லீவு கேட்கவே இல்லை. கோடைக்காலம், ஓவர்டைம் நிறைய வரும். ஊரில் வீட்டுக்கு கான்கிரீட் போட வேண்டியிருந்தது. அடக்கம் முடிந்து நாலாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். இன்றுவரை தங்கச்சி, "பாவம் எங்க அண்ணன், கம்பெனிக்காரன் விடலை" என்று ஊரெல்லாம் சொல்கிறாள். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். 'பின்னானவைகளை மறந்து, முன்னானவைகளை நாடி' என்ற வசனத்தைக் காட்டி, விசுவாசிக்கு இப்படிப்பட்ட வருத்தமே இருக்கக் கூடாது என்கிறார்கள் சபையில். எனக்கு மட்டும் ஏன் போகமாட்டேன் என்கிறது?
— வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: தம்பி, முதலில் அந்த வசனத்தைக் கொஞ்சம் காப்பாற்றிவிடுவோம். பிலிப்பியர் 3-ம் அதிகாரம், 13-ம் வசனம். அங்கிருந்து ஏழெட்டு வசனம் மேலே ஏறிப் பாருங்கள். அந்தக் கடிதத்தை எழுதின அப்போஸ்தலர் பவுல் ஒரு பட்டியல் போட்டிருப்பார்: எட்டாம் நாளில் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், எபிரெயரில் பிறந்த எபிரெயன், பரிசேயன். எல்லாம் சர்டிபிகேட். இனி இவற்றைக் காட்டிப் பிழைக்கப்போவதில்லை என்றுதான் அவர் சொல்ல வருகிறார். விசுவாசியாகுமுன் சபையைத் துன்பப்படுத்தியதை மறந்துவிட்டாரா என்றால், இல்லை. அதே பட்டியலில் அதுவும் இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதும்போது, அதைச் செய்தபடியால் அப்போஸ்தலர் எல்லாரிலும் தான் சிறியவன் என்று மறுபடியும் சொல்கிறார். மறந்துபோன ஆள் போகிற இடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு திரிவாரா?

விசுவாசிக்கு வருத்தமே வரக் கூடாது என்று உங்களிடம் சொன்னவர்களை ஆதியாகமம் 6-ம் அதிகாரத்தை எடுக்கச் சொல்லுங்கள். நம் பழைய திருப்புதலில், அதாவது பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், மனுஷனை உண்டாக்கினதற்காகக் 'கர்த்தர் மனஸ்தாபப்பட்டார்; அது அவர் இருதயத்துக்கு விசனமாயிருந்தது' என்று இருக்கிறது. கடவுளே ஒரு காரியத்தை நினைத்து நெஞ்சு கனத்துப்போனதாக வேதம் சொல்கிறது. நமக்கு வரக் கூடாதாமா?

இந்த 'மனஸ்தாபம்' என்ற வார்த்தை எனக்கு ரொம்ப நாளாகப் பிடித்த வார்த்தை. இன்றைக்கு அதை நாம் வேறு மாதிரி சொல்கிறோம். "அண்ணன் தம்பிக்குள்ள ஏதோ மனஸ்தாபமாம்" என்போம், அதாவது சண்டை, பேச்சுவார்த்தை இல்லை. பைபிளைத் தமிழாக்கியவர்கள் அதைத் தன் செயலை நினைத்து மனம் வேகிற வேக்காட்டுக்கு வைத்தார்கள். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தனக்கும் தனக்குமே பேச்சுவார்த்தை இல்லாமல் போகிற நிலைமைதானே அது?

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கும் இதே வார்த்தைதான். மத்தேயு 27-ல் 'மனஸ்தாபப்பட்டு' முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான் என்று வாசிக்கிறோம். அவன் வருந்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. காசைத் திருப்பினான், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டும் சொன்னான். ஆனால் எங்கே கொண்டுபோய்ச் சொன்னான்? காசு கொடுத்து வாங்கினவர்களிடம். அவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "எங்களுக்கென்ன, அது உன்பாடு." அப்புறம் அவன் போய் நான்றுகொண்டு செத்தான்.

இன்னொரு சீடன் பேதுருவும் அதே ராத்திரியில்தான் இயேசுவைத் தெரியாது தெரியாது என்று மூன்று தரம் சொன்னான். அவனும் அழுதான், 'மனங்கசந்து' அழுதான். ஆனால் கூட்டாளிகளை விட்டு ஓடவில்லை. வெட்கத்தோடு அவர்கள் நடுவிலேயே கிடந்தான். ஒருநாள் "மீன்பிடிக்கப்போகிறேன்" என்று கிளம்பினான், அவர்களும் கூடப் போனார்கள். அதனால்தான் விடியற்காலையில் உயிர்த்தெழுந்து கரையில் நின்ற இயேசுவை அவனால் பார்க்க முடிந்தது. அவர் அவனிடம் ஏன்டா அப்படிச் செய்தாய் என்று கேட்டதாக எங்கும் இல்லை. கரிநெருப்பில் மீன் சுட்டு வைத்திருந்தார். முதலில் சாப்பாடு. பேச்செல்லாம் அப்புறம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டவரிடம் சொல்லிவிட்டீர்கள், நல்லது. ஆனால் உங்கள் பொய்யை இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டு அலைவது உங்கள் தங்கச்சி. ஒவ்வொரு வருடமும் அம்மா நினைவு ஜெபத்துக்கு வருகிறவர்களிடம் உங்களுக்காக அவள் வக்காலத்து வாங்குகிறாள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் உங்களுக்குக் குத்துகிறது. குத்தட்டும். அந்தக் குத்தல் போய்விட வேண்டும் என்று ஜெபிக்காதீர்கள், அது உங்களை அவள் வீட்டுக்குப் போகச் சொல்கிறது.

2 கொரிந்தியர் 7:10-ல் பவுல், தேவனுக்கேற்ற துக்கம் 'பின்பு மனஸ்தாபப்படுகிறதற்கு இடமில்லாமல்' ஒரு மனந்திரும்புதலை உண்டாக்கும் என்கிறார். திரும்புதல் என்றால் கால்தான் திரும்ப வேண்டும். அடுத்த நினைவு நாள் வரும்வரை வைத்திருக்காதீர்கள். தனியாகப் போங்கள். மனைவி, குருவானவர், பெரியவர்கள் என்று கூட்டம் வேண்டாம். "நான் லீவு கேட்கவே இல்லம்மா" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். 'ஆனா' என்று அடுத்த வாக்கியத்தை ஆரம்பிக்காதீர்கள். கான்கிரீட் கதை வேண்டாம். முக்கியமாக, கையில் வளையல் கிளையல் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. அவள் ஆறு மாதம் உங்களோடு பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும், அம்மாவின் மூத்திரத்துணி அலசினவள் அவள், அந்த உரிமை அவளுக்கு உண்டு. அந்த ஆறு மாதமும் உங்கள் ஊரிலேயே, அவள் கண்ணில் படுகிற இடத்தில் இருங்கள்.

கேள்வி: ஆன்ட்டி, போன வருடத்துக்கு முந்தின வருடம் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புது வருடத்துக்கென்று ஆளுக்கொரு வசனமாகக் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் எனக்கு, உன் தேசத்தையும் உன் இனத்தையும் விட்டு நான் காண்பிக்கும் தேசத்துக்குப் போ என்ற வசனம் இருந்தது. அதை நம்பி மதுரையில் இருந்த பேங்க் வேலையை விட்டுவிட்டு பெங்களூரில் ஒரு புதுக் கம்பெனிக்குப் போனேன். அஞ்சே மாதத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது வீட்டில் இருக்கிறேன். கடவுள்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம்.
— வாசகி, 26 வயது

பதில்: மகளே, ஒரு ரகசியம் சொல்கிறேன். குருமனையில், அதாவது குருவானவருக்கான வீட்டில், இருந்த காலத்தில் அந்த அட்டைகளைக் கத்தரித்தவர்களில் நானும் ஒருத்தி. ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கிற சேகரம் பெரிதாக இருந்தால் 400 அட்டை வேண்டும். சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து, கிறிஸ்துமஸுக்குச் சுட்ட முறுக்கைக் கடித்துக்கொண்டே வெட்டுவோம். எண்ணிக்கை குறைந்தால் ஒரே வசனத்தை நாலு அட்டையில் எழுதுவோம். 'மதிகேடனே, உன் ஆத்துமா உன்னிடத்திலிருந்து இந்த இராத்திரியிலே எடுத்துக்கொள்ளப்படும்' என்பதும் வேதத்தில் இருக்கிற வசனம்தான். அதை எழுதித் தட்டில் போட என் வீட்டுக்காரர் ஒரு வருடமும் சம்மதித்ததில்லை. ஆக, அது நாங்கள் பொறுக்கி எடுத்த தட்டு. ஆசீர்வாதமாக வாங்கிக்கொள், அதைவைத்து ராஜினாமாக் கடிதம் எழுதாதே.

இன்னொன்று. அந்த வசனம் ஆதியாகமம் 12-ம் அதிகாரத்தின் முதல் வசனம். பத்தாம் வசனம் வரை போனாயா? சொன்ன தேசத்துக்குப் போன ஆபிராமுக்கு அங்கே பஞ்சம். மூட்டையைக் கட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறான், போன இடத்தில் உயிருக்குப் பயந்து மனைவியைத் தங்கச்சி என்று பொய் சொல்கிறான். உன் அஞ்சு மாதம் பரவாயில்லை.

நீ பாவம் ஏதும் செய்யவில்லை, கணக்குத் தப்பாகிவிட்டது, அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒரே அழுகையை அழாதே. பேங்க் பரீட்சைக்கு இன்னும் வயது இருக்கிறதா என்று பார்.

கேள்வி: அம்மா, என் மகள் பத்து வருடத்துக்கு முன் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். அவனும் நம்ம சபைதான், கிறிஸ்தவன்தான். என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் இருந்தாலும் செத்தாலும் அவள் வீட்டு வாசலை நீ மிதிக்கக் கூடாது என்று பைபிள்மேல் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். போன ஆவணியில் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பேரனுக்கு 9 வயதாம், நான் பார்த்ததில்லை. செங்கல்பட்டில் இருக்கிறார்கள். போனால் சத்தியத்தை மீறின பாவம், போகாவிட்டால் சாகும்வரை இந்த ஏக்கம். என்ன செய்ய?
— வாசகி, தூத்துக்குடி

பதில்: போங்கள்.

நியாயாதிபதிகள் 11-ல் யெப்தா என்று ஒருவன் வருகிறான். யுத்தத்துக்குப் போகுமுன், ஜெயித்து வந்தால் என் வீட்டிலிருந்து எதிரே வருவதைக் கடவுளுக்குப் பலியிடுவேன் என்று யோசிக்காமல் ஒரு பொருத்தனை பண்ணிவிட்டு, ஜெயித்துத் திரும்பும்போது மேளத்தோடு எதிரே ஓடி வந்த ஒரே மகளைப் பறிகொடுத்தவன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான் என்று அவனை யாராவது உங்களிடம் மெச்சினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரே பாமாலைப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிற, ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிற இரண்டு குடும்பம் சாதி பார்த்து வாசலை மிதிக்க மாட்டோம் என்பதைவிடவா நீங்கள் பண்ணப்போவது பாவம்? அந்தச் சத்தியத்தை வாங்கியது தப்பு. கொடுத்தது பயத்தில். பயத்தில் கொடுத்ததை உங்கள் குருவானவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

முத்துநகர் எக்ஸ்பிரசில் ராத்திரி ஏறினால் விடியும்போது செங்கல்பட்டு. பையனுக்கு மக்ரூன் வாங்கிக்கொண்டு போங்கள். மகளிடம் அப்பாவைப் பற்றி நல்லதோ கெட்டதோ முதல் நாளே பேச வேண்டாம்.

கேள்வி: அம்மா, நான் கோயிலுக்கும் போகாதவன், சர்ச்சுக்கும் போகாதவன். உங்கள் பதில்களை விரும்பி வாசிப்பேன். ஒரு சந்தேகம். எதைச் செய்தாலும் மன்னிப்புக் கேட்டால் கடவுள் மன்னித்துவிடுவார், பிறகு வருத்தமில்லாமல் வாழலாம் என்கிறீர்கள். தப்புச் செய்கிறவனுக்கு இது ரொம்ப வசதியான ஏற்பாடாக இல்லையா?
— வாசகர், மதுரை

பதில்: ஐயா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதிக்கு நானே சாட்சி, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சகேயு என்ற வரிவசூல்காரன் கதையைக் கேட்டிருப்பீர்கள், காட்டத்தி மரத்தில் ஏறினவன். இயேசு அவன் வீட்டில் போய்த் தங்கினார். அவன் நின்றுகொண்டு சொன்னது, என் ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று. இன்று இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னது இதற்குப் பிறகுதான். வசதியான ஏற்பாடாக இருந்திருந்தால் சகேயுவுக்கு அன்றைக்கு அவ்வளவு செலவாகியிருக்காது.

ஜான் நியூட்டன் என்ற இங்கிலாந்துக்காரர் கதை இன்னும் சிக்கல். கிருபையைப் பற்றி அவர் எழுதிய 'அமேசிங் கிரேஸ்' பாட்டை உலகம் முழுக்கப் பாடுகிறார்கள், நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். 1748-ல் நடுக்கடல் புயலில் மாட்டிக் கடவுளைக் கூப்பிட்டவர். நம் மேடைகளில் கதையை அந்தப் புயலோடு முடித்துவிடுவார்கள். ஆனால் அவர் அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைகளை ஏற்றும் கப்பலில் போனார், கேப்டனாகவே போனார். கீழ்த்தட்டில் மனிதர்கள் சங்கிலியில் கிடக்க, மேலே ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த மனுஷன். 1764-ல் குருப்பட்டம். அடிமை வியாபாரத்துக்கு எதிராக வெளிப்படையாக எழுதியது 1788-ல், அதாவது புயலிலிருந்து 40 வருடம் கழித்து. அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல மனிதர்களை அடுக்கினோம் என்று அதில் எழுதினார். பார்லிமென்ட் கமிட்டி முன் சாட்சியும் சொன்னார். இந்தத் தொழிலில் நானும் ஒரு கருவியாக இருந்தேன் என்ற வெட்கம் என்னைவிட்டுப் போகாமல் இருக்கட்டும் என்ற கருத்தில் அவர் எழுதியிருக்கிறார். 1807-ல் பிரிட்டனில் அந்த வியாபாரத்தைத் தடைசெய்து சட்டம் வந்தது, அதே வருடம் டிசம்பரில் தன் 82-வது வயதில் இறந்தார். மன்னிப்புக் கிடைத்தது என்று அவரைவிட உறுதியாக நம்பினவர் இல்லை. அந்த மனுஷன்தான் வெட்கம் போகாமல் இருக்கட்டும் என்கிறார்.

இப்போது என் சாட்சி. 1989-ல் நான் ஐந்தாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகளைக் குற்றாலம் கூட்டிப்போக வசூல்பண்ணின 140 ரூபாயைக் கவரில் போட்டு வருகைப் பதிவேட்டுக்குள் வைத்திருந்தேன். பதிவேட்டை ஹெட்மாஸ்டர் அறைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது ஒரு பையன். சாயங்காலம் பார்த்தால் கவரைக் காணோம். வகுப்பு முழுக்கப் பார்த்திருக்க, அவன் பையைக் கொட்டச் சொன்னேன், கால்சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னேன். ஒன்றும் இல்லை. அப்படியும், "எங்கடா ஒளிச்சுவச்ச?" என்று கேட்டேன். பெரிய லீவு முடிந்து அவன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. ஜூன் மாதம் வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தினபோது சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் கவர் கிடந்தது.

என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். தேடிப் போகலாமா என்றார் அவர். பார்க்கலாம் என்றேன். அப்புறம் 22 வருடம் ஞாயிறு தவறாமல் முழங்கால்போட்டு, செய்யத்தக்கதைச் செய்யாமல் விட்டோம் என்று எல்லாரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னேன். நீங்கள் கேட்ட வசதி இதுதான், ஐயா. எல்லாரோடும் சேர்ந்து சொன்னால் சத்தத்தில் நம் குரல் தனியாகத் தெரியாது.

2011-ல் ஒரு அசனப் பண்டிகையில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்த பழைய மாணவன் ஒருத்தன், பேச்சுவாக்கில் அந்தப் பையன் வள்ளியூர்ப் பக்கம் பரோட்டாக் கடை வைத்திருப்பதாகச் சொன்னான். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே போனேன். சாயங்கால நேரம், கடை சூடுபிடிக்கவில்லை. பனியனோடு மாவை வீசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"டீச்சர்லா?"

கவர் கிடைத்த விஷயத்தைச் சொன்னேன். நான் உன்னைத் திருடன் ஆக்கினது தப்பு என்றேன். என்னால்தானே படிப்பை நிறுத்தினாய் என்று கேட்கும்போது எனக்குக் குரல் இல்லை. அவன் மாவை மடித்துக் கல்லில் போட்டான்.

"அதுக்காவயா நின்னேன்னு நெனச்சீங்க? எங்கப்பா பனைல இருந்து விழுந்து படுத்துட்டாருல்லா. அதான் வேலைக்கிப் போனேன்."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவுக்காகவும் பிறகு வெட்கப்பட்டேன். அவன் பரோட்டாவைத் திருப்பிப் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல், "ஆனா தங்கச்சி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா டீச்சர்" என்றான்.

அது எனக்கு ஞாபகமே இல்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை, அண்ணனோடு வீட்டுக்குப் போக வந்து நின்றிருக்கிறது. நான் 22 வருடம் வேறு எதற்கோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பரவாயில்லை டீச்சர் என்றெல்லாம் அவன் சொல்லவில்லை. நாலு பரோட்டாவும் சால்னாவும் கட்டிக் கொடுத்தான். 50 ரூபாய் நீட்டினேன். வாங்கிக் கல்லாவில் போட்டு, 18 ரூபாய் எண்ணித் திருப்பிக் கொடுத்தான். தங்கச்சி எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்துப் பின்பக்கம் விலாசம் எழுதினான்.

அடுத்த சனிக்கிழமை தூத்துக்குடிக்குப் போனேன். இடுப்பில் ஒரு பிள்ளையோடு கதவைத் திறந்தாள். வந்த விஷயத்தைச் சொன்னேன். எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்ல டீச்சர், உக்காருங்க என்றாள். காப்பி போட உள்ளே போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.